ஏசி விக்கிற முதலாளிமாரே, வோட்ஸ் கணக்கையும் எழுதுங்கோ

யாழ்ப்பாணம் ரவுணிலயும் சுத்துவட்டாரத்திலயும் ஏசி விக்கிற முதலாளிமாருக்கு வணக்கம். நான் வீட்டு வயறிங் செய்து சீவிக்கிற ஆள். உங்கட யாவாரத்தைக் குழப்ப எழுதேல்ல, நீங்கள் வித்த சாமானுக்கு லைன் இழுக்க வாறது எங்களைப் போல ஆக்கள்தான், அதால கேக்கிறன். விலை மட்டையில 9000, 12000, 18000 பி.ரி.யு எண்டு, அதாவது ஏசி ஒரு மணித்தியாலத்தில அறையால இழுக்கிற சூட்டின்ர அளவை, பெரிசா அடிச்சு ஒட்டுறியள், பக்கத்தில வோட்ஸ் கணக்கையும் எழுதிவிடுங்கோவன்.

போன கிழமை கொக்குவில்ல ஒரு வீட்டுக்கு பிறேக்கர் மாத்தப் போனன். ஆஸ்பத்திரியால வந்து படுக்கையில கிடக்கிற அம்மா, மேல சீற் போட்ட அறை, பின்னேரம் மூண்டு மணி வெக்கை. கனடாவில இருக்கிற மகள் காசு அனுப்பி 12000 ஏசி ஒண்டு புதுசா பூட்டிக் கிடக்கு, ஆனா நிப்பாட்டி இருக்கு, அம்மா பனையோலை விசிறியால வீசிக்கொண்டு முதுகுச் சட்டை எல்லாம் நனைஞ்சு போய்க் கிடக்கிறா. ஏனம்மா போடேல்ல எண்டு கேட்டா, "தம்பி, உது மணித்தியாலத்துக்கு மூண்டரை யூனிற் இழுக்குமாம், கடைப் பெடியன் கணக்குப் போட்டுக் காட்டினவன், ராவில எட்டு மணித்தியாலம் போட்டா 28 யூனிற், பிள்ளை பனிக்க நிண்டு உழைச்ச காசை நான் இப்பிடிக் கரைக்கிறதோ" எண்டுறா.

பெடியன் பிரிச்சது சரிதான், ஒரு கிலோவோட்ஸ் எண்டா மணிக்கு 3412 பி.ரி.யு, 12000ஐ 3412ஆல பிரிச்சா மூண்டரை கிலோவோட்ஸ் வரும். ஆனா அது அறைக்குள்ள இருந்து ஏசி இழுத்து வெளியில கொட்டுற சூட்டின்ர அளவு ஐயா, மீற்றர் ஓடுற அளவில்ல! குளிக்கிற கீசர் எண்டா 3 கிலோவோட்ஸ் சூட்டுக்கு மீற்றரிலயும் 3 கிலோவோட்ஸ்தான் போகும், ஏனெண்டா அது கறண்டையே சூடாக்குது. ஏசி அப்பிடி இல்லை, இருக்கிற சூட்டைத் தூக்கி மற்றப் பக்கம் போடுது, அதால ஒரு பங்கு கறண்டுக்கு மூண்டு பங்கு சூட்டை வெளியேத்தும். வெளியில பூட்டின பெட்டியின்ர தகட்டில ரெண்டு கணக்கும் கிடக்கு, ஆனா பூட்டின ஆக்கள் தகட்டுப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி வைச்சிருக்கினம், நான் கன்னத்தைச் சுவரில தேய்ச்சு போன் லைற் பிடிச்சு வாசிச்சன்: குளிர் 3517 வோட்ஸ், கறண்ட் 1090 வோட்ஸ். ஆயிரம் வோட்ஸ் ஒரு மணித்தியாலம் ஓடினா ஒரு யூனிற், அப்ப எட்டு மணித்தியாலம் முழுமூச்சில ஓடினாலும் 9 யூனிற்றுக்குள்ள. அது இன்வேட்டர் ஏசி வேற, அறை குளிர்ந்தாப் பிறகு இன்னும் குறைச்சுத்தான் இழுக்கும். இதை அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்த நானே வரவேணுமோ? விக்கேக்க சொல்ல ஏலாதோ?

வயறிங் செய்யிற எங்கட ஆக்களும் இதில மாட்டுப்படுறது உண்டு. 3517ஐ லைன் வோல்ற் 230ஆல பிரிச்சு 15 அம்பியர் எண்டு பயந்து, மெயின் போட்டில இருந்து மொத்த வயர் புதுசா இழுக்கச் சொல்லுறது. செம்பு வயர் விக்கிற விலைக்கு! உண்மையா அந்த ஏசி இழுக்கிறது அஞ்சு அம்பியருக்குள்ள.

சரி, இந்த பி.ரி.யு எங்க இருந்து வந்தது? ஒரு றாத்தல் தண்ணியை ஒரு பாரன்ஹைட் சூடாக்கிற சூடு. எங்கட ஊரில றாத்தல் இப்ப பாணுக்கு மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கு, அடுத்தது உங்கட ஏசிக்கு. "ஒரு தொன் ஏசி" எண்டா கனக்கப் பேர் ஏசின்ர பாரம் எண்டு நினைக்கினம். அமெரிக்கத் தொன், அதாவது 2000 றாத்தல் ஐஸ் 24 மணித்தியாலத்தில உருக எடுக்கிற சூடு அது, மணிக்கு 12000 பி.ரி.யு. சில மட்டையில "ஒரு எச்.பி" (குதிரைவலு) எண்டும் கிடக்கு, தோட்டக்காரர் அதைக் கிணத்து மோட்டர் எச்.பி எண்டு நினைச்சு 746 வோட்ஸ் எண்டு கணக்குப் போடுவினம், ஆனா ஏசிக்காரர் ஒரு எச்.பி எண்டு விக்கிறது 9000 பி.ரி.யு அளவு, 2600 வோட்ஸ் சூட்டுக்கு மேல. ஒரே கடைக்குள்ள மூண்டு அளவு, பில் வாறது மட்டும் யூனிற்றில. 180 யூனிற் தாண்டினா மேலதிகத்துக்கு ஆகக்கூடின விலை எண்டு சனம் ஒவ்வொரு மாசமும் மீற்றரைப் பாத்துப் பாத்து லைற் நிப்பாட்டுது, நீங்கள் என்னடா எண்டா ஐஸ் உருகின கணக்குச் சொல்லி, இலவச ரீசேட்டும் குடுத்து அனுப்புறியள். கையேடு பிரிச்சா சீனமும் இங்கிலீசும், தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, அதை ஆரிட்டச் சொல்லி அழ.

கோவத்தில கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், குறை நினைக்காதேங்கோ. நான் கேக்கிறது பெரிய காரியமில்ல. மட்டையில ரெண்டு வரி: குளிர் இத்தினை வோட்ஸ், கறண்ட் இத்தினை வோட்ஸ். முதலாவதை ரெண்டாவதால பிரிச்சு எதுக்குக் கூடின எண் வருதோ அதுதான் செலவு குறைஞ்ச ஏசி எண்டு படிக்காத சனமும் பிடிச்சிடும். விக்கிற பெடியளுக்கும் எது மீற்றரில ஓடுற கணக்கு எண்டு ஒருக்கா சொல்லிக்குடுங்கோ. வாற சித்திரை வெயிலுக்கு முன்னம் செய்தியள் எண்டா உங்களுக்குப் புண்ணியம், ஏனெண்டா எந்தக் கடையில வாங்கிறது எண்டு சனம் முதல்ல வந்து கேக்கிறது வயறிங் செய்யிற எங்களிட்டத்தான்.