மலைத் தோட்டத்துக்கு வேலி போடுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்த செய்தி வரும்போதெல்லாம், வேலியை உயர்த்துங்கள் என்ற யோசனையும் கூடவே வருகிறது. சரிவு நிலத்தில் உயரத்தைவிட, வேலி நிற்கும் இடமும் அதன் அடிப்பக்கமும்தான் முக்கியம்.

படி வெட்டிய நிலத்தில், மேட்டுத் திட்டின் அடியோரம் வேலி போடுவது பெரிய தவறு. நான்கடித் திட்டின்மேல் நிற்கும் கடமானுக்கு உங்கள் ஐந்தடி வேலி ஓரடிதான். திட்டின்மேல், விளிம்பைவிட்டு மூன்றடி தள்ளிப் போடுங்கள். விளிம்பிலேயே நட்டால் மழையில் மண் சரிந்து தூண் சாய்ந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கு வரும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கீழேதான் வேலை பார்க்கும். கம்பி வலையின் அடியில் ஒன்றரை அடியை வெளிப்பக்கம் மடித்துத் தரையில் படுக்கவைத்து, முளை அடித்து, கல் அடுக்க வேண்டும். வேலியோரம் தோண்ட வரும் விலங்கு அந்த வலைமேலேயே நிற்கும். காலுக்கு மண் அகப்படாது. வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடத்தில் மட்டும் வலை வேண்டாம், சருகு அடைத்துக்கொள்ளும். நான்கு அங்குல இடைவெளியில் கம்பி வைத்த தனிச் சட்டம் பொருத்தி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வாரிவிடுங்கள்.

சோலார் வேலி வேலை செய்யவில்லை என்றால் முதலில் எர்த்தை, அதாவது வேலிக் கருவியை மண்ணோடு இணைக்கும் கம்பியை, பாருங்கள். ஆறடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் இறக்கி இணைக்க வேண்டும். ஜனவரியில் மண் காய்ந்து ஷாக் குறையும். எர்த் கம்பியடியில் தண்ணீர் ஊற்றுங்கள். அதே மாதத்தில்தான் உறைபனியில் புல்லெல்லாம் கருகி, தண்ணீர் பாயும் கேரட் பாத்தி மட்டும் பச்சையாகத் தெரிந்து விலங்குகளை இழுக்கும். பன்றிக்கான கீழ்க்கம்பி எட்டு முதல் பத்து அங்குல உயரத்தில் இருக்கட்டும். மூக்கில் பட்டால்தான் சுரீரென்று உறைக்கும், முதுகு மயிரில் பட்டால் உறைக்காது. மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன்வழியே இறங்கிவிடும். வாராவாரம் அறுக்க வேண்டும்.

பழைய சேலை கட்டுவது சில நாளைக்குத்தான் பலிக்கும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பதும், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் கூடவே கூடாது. ஒன்று தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையே கொல்லும். மற்றொன்றைக் கடித்த யானை வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும். சூரிய மின்வேலிக்கும் தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு தேவை.

தோட்டக்கலைத் துறையும் வனத்துறையும் மலைக் கிராமங்களில் மாதிரி வேலி ஒன்றைச் சரிவிலேயே போட்டுக் காட்ட வேண்டும்.

— மலைத்தோட்ட விவசாயிகள், கோத்தகிரி