அப்பாவின் இடது பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்திலேயே விழித்திருந்தார். "மூளையின் ஆழத்தில் ரத்தம் கசிந்தால் ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லையாமே, என்னைக் கேட்காமல் ஏம்மா கையெழுத்து போட்டே?" என்றாய். நீ படித்ததில் பொய் இல்லை. 2024இல் வெளியான அமெரிக்காவின் என்ரிச் ஆய்வில் இந்த மாதிரி ஆபரேஷனைச் சோதித்தார்கள்; மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கசிந்தவர்களுக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது. ஆழத்தில் கசிந்தவர்களைச் சேர்ப்பதை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் இதை மறைக்காமல் என்னிடம் சொன்னார்.

ஆனால் அந்த ராத்திரி நீ இங்கே இல்லை. முதலில் போன இடத்தில் பிரஷர் மாத்திரை கொடுத்து, ஸ்கேன் எடுக்காமல் மூன்று மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மூளையின் வலது பக்க ஆழத்தில், பேசல் கேங்லியா என்கிற இடத்தில், 48 மில்லி ரத்தம். உடம்பின் இடது பக்கத்தை இயக்குவது மூளையின் வலது பக்கம்தான். பதினோரு மணிக்குப் பெயர் சொன்னால் கண் திறந்தவர், இரண்டு மணிக்குக் கிள்ளினால்தான் திறந்தார். முப்பது வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியாதா?

மண்டையைத் திறந்து எடுப்பதென்றால் நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் அவ்வளவு ஆழம் போக வேண்டும். இவர்கள் நெற்றிக்கு மேலே சின்னதாக ஒரு துளை போட்டு, ஸ்கேன் காட்டிய வழியில் ரத்தக்கட்டிக்குள் குழாயை விட்டு, முதலில் சிரிஞ்சால் உறிஞ்சினார்கள். மிச்சத்தைக் கரைக்க எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் 1 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் என்கிற மருந்து. மருந்து போனதும் ஒரு மணி நேரம் குழாயை மூடி வைத்து, பிறகு திறப்பார்கள். நாவல்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பாக இறங்கும். ஒவ்வொரு தடவையும் பையில் கோடு எவ்வளவு ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த முறையைச் சோதித்த மிஸ்டி-3 ஆய்வு 2019இல் வந்தது. ஒரு வருஷம் கழித்து ஆள் துணையில்லாமல் நடக்கிற அளவுக்குத் தேறியவர்கள் நூற்றுக்கு 45 பேர். குழாய் போடாதவர்களில் 41. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் குழாய் போட்டவர்களில் இறந்தவர்கள் குறைவு. கட்டி 15 மில்லிக்குள் சுருங்கியவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். கை கால் திரும்பும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. உயிர் இருக்கட்டும் என்றுதான் கையெழுத்து போட்டேன் தம்பி. உனக்கு போன் அடித்தேன், நீ டூட்டியில் இருந்தாய். அதற்கு மேல் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசி ஸ்கேனில் 13 மில்லி.

அப்பா நான்கு மாதமாக பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாராம். நானும் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. உனக்கும் முப்பத்தெட்டு ஆகிறது. இந்த வாரமே பிரஷர் பார்த்து எனக்கு நம்பரை அனுப்பு.

நேற்று பிசியோதெரபி பையன் வந்தபோது அப்பாவின் இடது கட்டைவிரல் போர்வைமேல் லேசாக அசைந்தது. இரண்டு தரம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. இடது பக்கம் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோகிறது. தட்டில்கூட அந்தப் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அதனால் போனை இடது பக்கமாகத்தான் பிடிப்பேன். "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டுப் பொறுமையாக இரு. திரும்ப நேரமாகும், திரும்பிவிடுவார்.

அன்புடன்,
அம்மா