ஔவை வாசலில் நின்று கேட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இலக்கியப் பக்கத்தில் புறநானூற்று 206-ஆம் பாட்டுக்கு விளக்கம் வெளியிட்டிருந்தீர்கள். அதில், பரிசில் தாமதமானதும் ஔவைக்கு அதியமான் மேலிருந்த அன்பு போய்விட்டது என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் கொடுக்கக் காலம் தாழ்த்தினான், ஔவை பாடினார். பாட்டின் அடிக்குறிப்பே அப்படித்தான் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் ஔவை அதியமானிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, கவனித்தீர்களா? ‘வாயிலோயே வாயிலோயே’ என்று வாசலில் நிற்கும் காவலனிடம் பேசுகிறார். உள்ளே இருப்பவன் காதில் விழட்டும் என்று வெளியே நிற்பவனிடம் பேசுவது யார் வழக்கம்? நெருங்கிப் பழகி மனசு நொந்தவர்கள் வழக்கம். அத்தனை கோபத்திலும் காவலனை ‘பரிசிலர்க்கு அடையா வாயிலோயே’ என்றுதான் கூப்பிடுகிறார். கேட்டு வருகிறவர்களுக்குக் கதவை அடைக்காதவனே என்று. அன்பு போனவர் வாயில் இந்தச் சொல் வருமா? யாழைத் தூக்கியாயிற்று, பையைக் கட்டியாயிற்று, எந்தத் திசைக்குப் போனாலும் சோறு உண்டு என்கிறார். இவ்வளவும் சொல்கிற வரையில் கால் வாசலை விட்டு நகரவில்லை.

அப்புறம் அந்த ‘கலப்பை’. ‘சுருக்கினெம் கலப்பை’ என்பதற்கு ஏரைக் கட்டிக்கொண்டு கிளம்பினார் என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். கலம் வைக்கும் பை, கலப்பை. பாணர்களும் புலவர்களும் தோளில் மாட்டிய வாத்தியப் பை. தாங்கள் அறியாததல்ல. உங்கள் பக்கத்தைத்தான் நகல் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். வேறு புத்தகத்துக்கு எங்கே போவது? போன வாரம் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி பாட்டை எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு ஏர் வரைந்து, கலர் அடித்துக் கொண்டுவந்து காட்டினாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

அதே நோட்டில் ‘தன் அறியலன்கொள் என் அறியலன்கொள்’ என்று எழுதியிருந்தாள். அதுவும் உங்கள் அச்சுதான். அது ‘கொல்’. ஐயத்தைக் காட்டுகிற இடைச்சொல், ‘கொல்லே ஐயம்’ என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் சொல்கிறது. அவனுக்குத் தன்னையே தெரியாதோ? இல்லை, என்னைத்தான் தெரியாதோ? இதுதான் ஔவை கேட்டது. ஓர் எழுத்து மாறினால் கேள்வியே செத்துப்போகிறது.

இங்கே பர்மாவில் 1965-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது கோயில் மண்டபத்தில் வாரத்தில் ஒரு நாள் என்று ஆகிவிட்டது. அந்த ஒரு நாளைக்குத்தான் உங்கள் இதழை நம்பியிருக்கிறோம். சங்கப் பாட்டின் ஔவையையும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையையும் ஒருவராக்கி, கைத்தடி ஊன்றிய பாட்டி படத்தைப் போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். பதில் இல்லை. கல்யாணப் படங்களுக்கு நான்கு பக்கம் கொடுக்க முடிகிற இதழில் என் அரைப் பக்கக் கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பாட்டை நான் உரை படித்து மட்டும் புரிந்துகொள்ளவில்லை ஐயா. எட்டு வயதிலிருந்து எனக்கு ஒரு நண்பன். 1964-ல் கடைகள் நாட்டுடைமையாகி, ஊரே இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எங்கள் இரண்டு குடும்பமும் இங்கேயே இருந்துவிட்டன. 1987 செப்டம்பர் 4 சாயங்காலம், என்னிடம் வாங்கியிருந்த 3000 கியாட்டைத் திருப்பிக் கொடுத்தான். நாற்பதும் 75 கியாட் நோட்டு. மறுநாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது, மாற்றிக்கொள்ளவும் வழி விடவில்லை. அவன் கடைக்குப் போய், ‘தெரிந்துதானே கொடுத்தாய்?’ என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மகனிடம், ‘முப்பது வருசமா பழகின எங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாதான்னு வந்திருக்கிறவரைக் கேளு’ என்றான். தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. பையன் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஆறு வருடம் பேச்சில்லை. 1993-ல் அவன் மகள் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவனே வந்து என் முன்னால் லபெத் தட்டை, ஊறவைத்த தேயிலைத் தட்டை, வைத்தான். ராஜா காலத்தில் வழக்கு தீர்ந்தால் இரு தரப்பும் லபெத் தின்று சமாதானமானார்கள் என்பது இந்த மண்ணில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி எடுத்துத் தின்றேன். பக்கத்தில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

2011-ல் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் 235-ஆம் பாட்டு எனக்குப் பிடிபட்டது. அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்று அழுதுகொண்டே வருகிறவர், ‘ஆசாகு எந்தை யாண்டுளன் கொல்லோ’ என்று கேட்கிறார். பற்றுக்கோடாக இருந்தவன் எங்கே இருக்கிறானோ என்று. இங்கேயும் அதே கொல். வாசலில் கோபித்துக் கேட்டவரும் இவர்தான், இப்போது கேட்பவரும் இவர்தான். இவருக்கா அன்பு போய்விட்டது என்று எழுதினீர்கள்?

அடுத்த இதழில் 206-ஐப் பிழையில்லாமல், முழுவதுமாக, அதன் கீழே 235-ஐயும் சேர்த்து அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும். விளக்கம் வேண்டாம், அதை வகுப்பில் நான் சொல்லிக்கொள்கிறேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், நகல் எடுத்தால் மங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
யாங்கோன்.