"அது அரசாங்கம் நடத்துவது" என்ற பதில் போதாது: ஔலி பனிச்சறுக்குச் சுற்றுலா குறித்த புகார்

அனுப்புநர்:
அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்ற ஊழியர்,
பென்னாகரம் சாலை, தர்மபுரி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வடமாநிலச் சுற்றுலாப் பிரிவு,
ஓசூர் கிளை அலுவலகம்.

நாள்: 24.02.2025

பொருள்: ஜனவரி மாத ஔலி பனிச்சறுக்குப் பயணத்தில் பணம் வாங்கிக்கொண்டு தராத சேவைகள், அதற்கு நீங்கள் அனுப்பிய பதில், பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஊர் திரும்பியதும் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு உங்கள் அலுவலகம் எழுதிய பதில் வந்தது. உத்தராகண்ட் மலையில் உள்ள ஔலி பனிச்சறுக்கு மையம் அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால் அங்குள்ள குறைகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றும், வெளிநாடுகளில் தனியார் நடத்துவதால் இந்தப் பிரச்சினையே வராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பணத்துக்குப் பதிலாக அடுத்த ஆண்டு காஷ்மீரில் உள்ள குல்மார்க் பனிச்சறுக்கு மையத்துக்குப் போய்வர ஒரு கூப்பன் தருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கூப்பன் எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்று விவரமாகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

முதலில் நீங்கள் விற்றது என்ன என்று பார்ப்போம். உங்கள் பிரவுச்சரில் மூன்று விஷயங்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கீழே உள்ள ஜோஷிமட் நகரிலிருந்து ஔலிக்கு ரோப் கார் பயணம், சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரிடம் உபகரணங்களுடன் பனிச்சறுக்குப் பயிற்சி, அப்புறம் "ஜனவரியில் பனி உறுதி". இதை நம்பித்தான் நான், மனைவி, மகள், மருமகன், பேரன் எல்லோரும் கிளம்பினோம். பேரன் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான்.

ஜோஷிமட் போய்ச் சேர்ந்ததும் உங்கள் டூர் மேனேஜர் எங்களை ஒரு ஜீப்பில் ஏறச் சொன்னார். ரோப் கார் எங்கே என்று கேட்டதற்கு "இன்னைக்கு ஓடலை சார்" என்றார். இன்றைக்கு மட்டுமா? பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தால், அது நின்று இரண்டு வருடம் ஆகிறது என்று சிரிக்கிறார். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரமே மண்ணில் அமிழ்ந்து 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்ட ரோப் கார் அது. பழைய மண்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர், இங்கே கனமான கட்டுமானம் கூடாது என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் வரை முதல் பக்கத்தில் வந்த செய்தி இது. அப்படி நிறுத்திய ரோப் காருக்கு, ஆளுக்கு 1,000 ரூபாய் என்று என் ரசீதில் தனி வரியே போட்டு வாங்கியிருக்கிறீர்கள். இதை விதியின் மேல் போட முடியாது, அரசாங்கத்தின் மேலும் போட முடியாது.

ஔலியில் சரிவு முழுக்கப் பழுப்பு நிறப் புல். மர நிழலில் மட்டும் அங்கங்கே கொஞ்சம் பனி கிடந்தது. நந்தாதேவி சிகரம் தெளிவாகத் தெரிந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் காசு கொடுத்தது நந்தாதேவியைப் பார்க்க அல்ல. பயிற்சியாளர் வரவில்லை. பனி இல்லாததால் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை என்று உங்கள் மேனேஜரே ஒப்புக்கொண்டார். ஏற்பாடு செய்யாத ஆளுக்கு வாங்கிய காசு எங்கே போனது என்ற கேள்விக்கு உங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே சேர் லிஃப்ட் டிக்கெட் கொடுத்தவர், காசு வாங்குவதற்கு முன்பே, "மேலே போய்ச் சுற்றிப் பார்க்கலாம், சறுக்க முடியாது, பனி இல்லை" என்று சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்கூட அது நன்றாகப் புரிந்தது. அரசு ஊழியர் ஒரே வரியில் சொன்ன உண்மையை, தனியார் நிறுவனமான நீங்கள் ஓசூரில் பணம் வாங்கும்போது சொல்லவில்லை.

இப்போது "அரசாங்கம் நடத்துவது" என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். நான் வேலைக் காலம் முழுக்க அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். அரசு நிறுவனம் எங்கே தடுமாறும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். டீசல் விலை ஏறும். டிக்கெட் விலை 2018 ஜனவரிக்குப் பிறகு ஏறவில்லை. சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் வசூல் குறைவு என்று அதை நிறுத்த முடியாது, அந்த மக்களுக்கு வேறு வழி இல்லை. உதிரி பாகம் வாங்க டெண்டர் போட வேண்டும், டெண்டர் முடிவதற்குள் வண்டி டெப்போவில் துருப்பிடிக்கும்.

ஔலியை கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற உத்தராகண்ட் அரசு நிறுவனம் கவனிக்கிறது. அவர்கள் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், இன்னும் கொஞ்சம் மோசம். எங்களுக்காவது 12 மாதமும் பயணிகள் உண்டு. பனிச்சறுக்குக்கு வருடத்தில் மூன்று மாதம் கிடைத்தால் பெரிது. ஆனால் லிஃப்ட் கம்பியையும் மோட்டாரையும் வருடம் முழுக்கப் பராமரிக்க வேண்டும், நிரந்தர ஊழியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போட வேண்டும். ஒரு ஜனவரி சூடாகிவிட்டால் அந்த வருடக் கணக்கே போச்சு. தனியார் முதலாளி என்றால் நஷ்டம் வரும்போது விற்றுவிட்டுப் போகலாம். அரசாங்கத்தால் அப்படிப் போக முடியாது. வழிகாட்டிகள், ஜீப் ஓட்டுநர்கள், டீக்கடைகள், சின்னச் சின்ன ஓட்டல்கள் எல்லாமே அந்தச் சரிவை நம்பி இருக்கின்றன. அதுவும் ஏற்கெனவே வீடுகளை இழந்த ஊர்.

செயற்கைப் பனி இருக்கிறதே என்பீர்கள். உங்கள் மேனேஜரும் வழியில் அதைத்தான் சொல்லித் தேற்றினார். 2011 ஜனவரியில் டேராடூனிலும் ஔலியிலும் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகப் பனி தூவும் இயந்திரங்கள் வாங்கினார்கள், அதற்குத் தண்ணீர் எடுக்க மலை மேலே ஒரு செயற்கை ஏரியும் வெட்டினார்கள். அந்த இயந்திரங்கள் சரிவர ஓடுவதில்லை என்று அங்குள்ள பத்திரிகைகளே பல வருடமாக எழுதுகின்றன. போட்டிக்கு என்றால் வாங்குவதற்குப் பணம் வந்துவிடும். பராமரிக்கப் பணம் வருவதுதான் கஷ்டம். இது எந்த அரசு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கும் தெரியும். சரி, இயந்திரம் நல்ல நிலையில் இருந்தாலும் ஈரக் காற்றாக இருந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியாவது போக வேண்டும், இல்லாவிட்டால் தூவுவது பனியாக விழாது, தண்ணீராகத்தான் விழும். பனி இல்லாத காரணத்தால் 2023-ல் ஔலியில் நடக்க வேண்டிய தேசிய அளவிலான பனிச்சறுக்குப் போட்டியே ரத்தானது. நாட்டின் சிறந்த வீரர்களுக்கே கிடைக்காத பனியைத் தர்மபுரிக்காரருக்கு "உறுதி" என்று எந்தத் தைரியத்தில் அச்சடித்தீர்கள்?

வெளிநாட்டில் எல்லாம் தனியார் கையில் இருக்கிறது என்பதும் தவறு. அமெரிக்காவில் நியூயார்க் மாநில அரசுக்கே ஒயிட்ஃபேஸ், கோர், பெல்லேயர் என்று மூன்று பனிச்சறுக்கு மலைகள் சொந்தம். 1980-ல் அந்த மாநிலத்தின் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. முடிந்த பிறகு அந்த இடங்களைப் பார்த்துக்கொள்ள 1981-ல் ஒரு அரசு ஆணையம் அமைத்தார்கள். அந்த மலைகள் இருப்பது, என்றைக்கும் காடாகவே விட வேண்டும் என்று மாநில அரசியல் சட்டமே சொல்லும் நிலத்தில். அதனால் அங்கே சறுக்குப் பாதை வெட்டுவதற்கே மக்களிடம் ஓட்டு வாங்கி அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒயிட்ஃபேஸுக்கு 1941-ல், மற்ற இரண்டுக்கும் 1947-ல். ஒரு புது ரூட்டுக்குப் பர்மிட் வாங்குவதே பெரிய வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! கொலராடோவில் வின்டர் பார்க் என்ற பெரிய மையம் டென்வர் நகராட்சியின் சொத்து. 1940-ல் தொடங்கி, 2002-ல்தான் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

பிரான்ஸில் 1985-ல் வந்த மலைச் சட்டப்படி லிஃப்ட் நடத்துவது உள்ளூர் நிர்வாகத்தின் பொதுச் சேவை. தானே நடத்தலாம், ஒப்பந்தத்துக்கும் விடலாம், பொறுப்பு மட்டும் அதனுடையது. அங்கேயும் தலைவலிதான். செயற்கைப் பனியை நம்பிப் பொதுப்பணத்தைக் கொட்டுவது நீண்ட நாள் தாங்காது என்று அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் செய்ன் என்ற சின்ன ஊர், தன் சொந்தப் பனிச்சறுக்கு மையத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, மூடிவிட முடிவு செய்தது. வெளிநாட்டு மையங்களில் நான் கவனித்த வித்தியாசம் வேறு. எந்தச் சரிவு திறந்திருக்கிறது, எந்த லிஃப்ட் ஓடுகிறது, பனி எவ்வளவு என்பதை அரசு மையம், தனியார் மையம் என்றில்லாமல் தினமும் வெளியிடுகிறார்கள். பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குவது வாங்குபவர் பாடு.

குல்மார்க் கூப்பனை ஏன் மறுக்கிறேன் என்றால், அங்குள்ள கோண்டோலா என்ற கேபிள் காரை நடத்துவதும் ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் நிறுவனம்தான். கோடையிலும் கூட்டம் வருவதால் அதற்கு நல்ல வருமானம். ஆக, அரசு நடத்தினாலே ஓடாது என்ற உங்கள் பேச்சும் அங்கே அடிபட்டுப் போகிறது. ஆனால் பனி? 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் வெறும் புல்லாகக் கிடந்ததை நாடே படத்தில் பார்த்தது. இந்த மாதம் 22-ஆம் தேதி அங்கே தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையும் பனி போதவில்லை என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அதே வாரத்தில் நீங்கள் எனக்குக் குல்மார்க் கூப்பன் அனுப்புகிறீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. உங்கள் நிறுவனம் ஒகேனக்கல்லுக்கு ஒருநாள் சுற்றுலா நடத்துகிறது. அந்தப் பிரவுச்சரையும் எடுத்துப் பார்த்தேன். அடியில் "பரிசல் சவாரி காவிரி நீர்வரத்தையும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் பொறுத்தது, தடை இருந்தால் பரிசல் கட்டணம் திருப்பித் தரப்படும்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பிலிகுண்டுலுவில் தண்ணீர் கூடினால் பரிசலுக்குத் தடை வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மறைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஔலி தூரத்தில் இருக்கிறது, தர்மபுரிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தீர்களா?

ஆகவே என் கோரிக்கைகள். ஓடாத ரோப் காருக்கு வாங்கிய கட்டணம் ஐந்து பேருக்கும் முழுதாகத் திரும்ப வேண்டும். வராத பயிற்சியாளர், தராத உபகரணம் இவற்றுக்கான தொகையும் அப்படியே. ஓட்டல், விமானம், வண்டி இவற்றில் குறை இல்லை, அதில் நான் ஒரு பைசா கேட்கவில்லை. "பனி உறுதி" என்ற வாசகத்தையும் ரோப் கார் படத்தையும் உங்கள் பிரவுச்சரிலிருந்து உடனே எடுங்கள். அடுத்த சீசனுக்குக் கிருஷ்ணகிரியில் இப்போதே முன்பதிவு வாங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கொடுத்தவர்களிடம் ரோப் கார் ஓடவில்லை என்ற விஷயத்தைச் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைக் கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற இரண்டு காரணங்களையும் காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே நான் ஓசூர் வர வேண்டியதில்லை, நீங்கள்தான் தர்மபுரி வர வேண்டியிருக்கும்.

பணத்தை முன்பதிவு செய்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் போதும். ரசீது, பிரவுச்சரின் இரண்டு பக்கங்கள், உங்கள் பதில் மின்னஞ்சல், ஔலியில் மருமகன் எடுத்த தேதியுள்ள படங்கள் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தர்மபுரி.