பழி காப்பர் டி மேல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிலக்கு 11 நாள் நீடிப்பதாக எழுதிய வாசகிக்கு, 'காப்பர் டி போட்டிருந்தால் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்' என்று சென்ற இதழில் இரண்டே வரியில் பதில் தந்திருந்தீர்கள். கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம்தான் காப்பர் டி; நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இதே பேச்சை நம்பித்தான் என் நாத்தனார் ஒன்றரை வருஷத்தைக் கடத்தினாள்.

இரண்டாவது பிரசவம் ஆனதுமே அவளுக்குக் காப்பர் டி போட்டுவிட்டார்கள். பால் கொடுத்த மாதங்களில் தூரம் வரவில்லை. வந்தபிறகு பத்து, பன்னிரண்டு நாளானாலும் நின்றபாடில்லை. 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்றார்கள் ஆஸ்பத்திரியில். நானும் அதையே சொன்னேன். எனக்கு எட்டு வருஷம் காப்பர் டி இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை, அந்த மெத்தனம். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 7.4, கடுமையான ரத்தசோகை. சரி, இந்தக் காப்பர் டியே வேண்டாம் என்று எடுத்தாயிற்று. அப்புறமும் ரத்தப்போக்கு குறையவில்லை! ஸ்கேன் எடுத்தால், கர்ப்பப்பையின் உட்பக்கம் ஃபைப்ராய்டு கட்டி.

செம்பு கர்ப்பப்பையின் உட்சுவரை உறுத்துவதால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை போக்கு கூடலாம். அதற்கப்புறமும் 7 நாளுக்கு மேல் போனாலோ, நன்றாக இருந்தவளுக்குத் திடீரென்று கூடினாலோ காரணத்தைத் தேடத்தான் வேண்டும். காப்பர் டி கீழே இறங்கியிருக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடும்போது இப்படி இறங்க வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரம் வரச் சொல்லி காப்பர் டியின் நூலைப் பார்ப்பது அதற்குத்தான். நாள் தள்ளிப்போய், அடிவயிற்று வலியோடு ரத்தம் பட்டால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தால் தொற்று. பாலிப் (கர்ப்பப்பைக்குள் வளரும் சிறு சதை), தைராய்டு, ரத்தம் சரியாக உறையாத கோளாறு என்று இன்னும் உண்டு. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்காமல் விடக்கூடாது.

ஹார்மோன் உள்ள சாதனத்தையும் நம் பெண்கள் 'காப்பர் டி' என்றே சொல்கிறார்கள். அதன் கதை வேறு: முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு போக்கே குறைந்துவிடும். எதைப் போட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த வாசகியை ஸ்கேனும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லி அடுத்த இதழிலாவது எழுதுங்கள். 11 நாள் என்று அவர் சொன்னார்; எத்தனை மாதமாக என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்