ஒரே பந்தியில் இரண்டு இலை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், எழுத நேரத்துக்குப் பஞ்சமில்லை. பயிற்சி கொடுக்க வரும் பையன் "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று உயிரை எடுக்கிறான். மற்றபடி நலம். நீ இனிப்பை விட்டுவிட்டதாக எழுதியிருப்பதை நம்பவில்லை, மாலதியிடமே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்பாலில் மூன்றாவது பேஸ் காத்தவர்களில் யார் பெரியவன் என்ற நம் பழைய சண்டைக்கு, நாலு பக்கக் கடிதத்தில் மூணு பக்கம் உங்கள் ஊர் அணியின் ஜார்ஜ் ப்ரெட் புராணம்! கான்சஸ் சிட்டியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் அப்படித்தான் ஆகும். நான் மட்டும் என்ன, ஃபிலடெல்ஃபியா தண்ணீர் குடித்தவன், எங்கள் அணியின் மைக் ஷ்மிட்டைத்தான் சொல்வேன்.

முதலில் உன் ஆளுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். பந்தை அடித்துப் பேஸைச் சேர்ந்த கணக்கில் 3154 ஹிட். 1976, 1980, 1990 என்று மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் பேட்டிங் பட்டம். 1980-ல் ஆயிரத்துக்கு 390 ஹிட் என்ற கணக்கில் .390 அடித்தான். இன்னும் 5 ஹிட் விழுந்திருந்தால், 1941-ல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு நேஷனல், அமெரிக்கன் லீகுகளில் யாரும் தொடாத .400-ஐத் தொட்டிருப்பான். 1983-ல் யாங்கி ஸ்டேடியத்தில், மட்டையில் பிடி வழுக்காமல் பூசும் பைன் பிசின், விதி விட்ட 18 அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கிறது என்று அம்பயர் அவன் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னைச் செல்லாது என்றபோது, சாமி வந்தவன் மாதிரி பாய்ந்து வந்தானே! அதை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு அந்த ஹோம் ரன் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. பார்க்க ப்ரெட் மாதிரி ஆள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஷ்மிட் அப்படி இல்லை. அடித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது, அவுட் ஆனாலும் தெரியாது. அதனாலேயே எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. எங்கள் பழைய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில் 700 லெவல் என்று ஒன்று இருந்தது, ஆக உச்சியில், காசில்லாதவர்களும் வாய் நீண்டவர்களும் உட்காரும் இடம். நான் இரண்டு வகையிலும் சேர்த்தி. ஒரு நாள் அவன் மூன்று தடவை பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் தலை குனிந்து திரும்பியபோது, நானும் எழுந்து நின்று "ஊ"வென்று கத்தினேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது பேத்தி ஸ்கூலில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அவளும் மூன்றாவது பேஸ்தான். ஷ்மிட்டின் .267-ஐயும் ப்ரெட்டின் .305-ஐயும் காட்டி, "இதுதான் தாத்தாவுக்கு உதைக்கிறது" என்றேன். "ஆவரேஜில் வாக் சேராதே தாத்தா, நாலு மோசமான பந்தை அடிக்காமல் விட்டுச் சும்மா பேஸுக்குப் போவதும் கணக்குத்தானே, பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் ப்ரெட் 369 தடவை பேஸுக்குப் போயிருக்கிறான், ஷ்மிட் 380 தடவை! 1883 ஸ்ட்ரைக் அவுட்டை மட்டும் எண்ணிக்கொண்டு கத்தினோமே தவிர, 1507 வாக்கை ஒருத்தரும் எண்ணவில்லை. அதற்கு மேல் 548 ஹோம் ரன், உன் ஆள் 317. ஹோம் ரன்னில் எட்டு வருஷம் எங்கள் நேஷனல் லீக் முதலிடம், மூன்று தடவை எம்விபி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரன்.

அப்புறம் தடுப்பாட்டம். மேலேயிருந்து பார்த்தபோதுகூட என் மனசில் நின்ற காட்சி ஒன்று இருக்கிறது. எதிரணிக்காரன் பந்தை மெள்ளத் தட்டிவிட்டு ஓடுவான். பந்து புல்லில் சோம்பேறியாக உருளும். ஷ்மிட் முன்னால் பாய்ந்து, கிளவுஸை விட்டுவிட்டு வெறும் வலது கையால் அதை அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு எறிவான். தடுப்பாட்டத்துக்குக் கொடுக்கும் கோல்ட் கிளவ் விருது பத்து சும்மா வரவில்லை. ப்ரெட்டுக்கு ஒன்றே ஒன்று, 1987-லிருந்து அவனே முதல் பேஸுக்கு இடம் மாறியும்விட்டான். மூன்றாவது பேஸ்காரர்களில் யார் பெரியவன் என்பதுதானே நம் சண்டை?

1980 அக்டோபர் 21 ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அணியும் எங்கள் அணியும் மோதிய உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், அந்த வருஷத்து இரண்டு லீகின் எம்விபிகளும் எதிரெதிரே. கடைசியில் மைதானத்தைச் சுற்றிப் போலீஸ் குதிரைகள் நிற்க, நாங்கள் ஜெயித்தோம். தொடரின் எம்விபியும் ஷ்மிட்தான். அன்று ராத்திரி நீ லாங் டிஸ்டன்ஸில் கூப்பிட்டு, மூல வியாதியோடு ஆடியவனைப் போய் ஜெயித்தீர்களாக்கும் என்று திட்டினாய். பாவம், அது உண்மைதான். அப்படியும் அந்தத் தொடரில் ப்ரெட் .375 அடித்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அணிகள் புது ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில், 1971-ல் ப்ரெட்டை 29-ஆவதாகவும் ஷ்மிட்டை 30-ஆவதாகவும் எடுத்தார்கள். ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. ஆடி முடித்தபோது ரன் அடித்துக்கொடுத்த கணக்கில் ஷ்மிட் 1595, ப்ரெட் 1596. அந்த ஒன்றை நீயே வைத்துக்கொள்.

ஆகஸ்டில் விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்னால் அங்கே வருகிறேன். உங்கள் மைதானத்து நீரூற்றுப் பக்கம் டிக்கெட் எடு. கீழ் வரிசையாகப் பார், படி ஏற வைக்காதே.

அன்புடன்,
சேகர்