கையில்லாத வெஸ்டுக்கு மூன்றாம் வகுப்பு கிடையாது

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய மூன்று விலைப்பட்டியலும் வந்து சேர்ந்தன. உன் மகள் பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வை நல்லபடியாக முடித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மேற்படிப்பு பற்றிப் போனில் பேசுவோம். நீ இந்த வாரமே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதால் உன் நாற்பது ஆட்களுக்கான பாதுகாப்பு வெஸ்ட் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், தூரத்திலிருந்தே ஆளைக் காட்டும் அந்த ஒளிரும் துணியும் பிரதிபலிப்புப் பட்டையும் வைத்த மேலங்கி.

அந்த இரண்டாவது பட்டியலை முதலில் ஒதுக்கி வை. "கையில்லாத வெஸ்ட், கிளாஸ் 3" என்று போட்டிருக்கிறார்கள். இந்த உடைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20471-இல் அப்படி ஒரு பொருளே இருக்க முடியாது. மூன்றாம் வகுப்பு என்றால் உடம்போடு சேர்த்துக் கைகளிலோ முழுக்கால்களிலோ பட்டை இருக்க வேண்டும். அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ 107-உம் கையில்லாத வெஸ்டுக்கு அந்த வகுப்பைத் தருவதில்லை. லேபிளில் தெரிந்தே பொய் எழுதுகிறாரோ, தெரியாமல் எழுதுகிறாரோ, அந்த விற்பனையாளரின் மற்றச் சான்றிதழ்களையும் நம்பி நாற்பது உயிரை ஒப்படைக்க முடியாது.

வகுப்பு எண்ணைத் துணியின் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பரப்பளவு. ஒளிரும் துணி முதல் வகுப்புக்கு 0.14 சதுர மீட்டர், இரண்டாம் வகுப்புக்கு 0.50, மூன்றாம் வகுப்புக்கு 0.80. பிரதிபலிப்புப் பட்டை அதே வரிசையில் 0.10, 0.13, 0.20. இவை குறைந்தபட்ச அளவுகள். பட்டை குறைந்தது 5 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். எனவே கடையிலேயே அளவு நாடாவை வைத்துக் கணக்குப் பார்த்துவிடலாம். 5 சென்டிமீட்டர் பட்டையில் 0.13 சதுர மீட்டர் வேண்டுமானால் மொத்த நீளம் 2.6 மீட்டர். வெஸ்டின் சுற்றளவு 1.1 மீட்டர் என்று வை. உடம்பைச் சுற்றி இரண்டு பட்டை போட்டாலும் 2.2 மீட்டர்தான் வருகிறது. தோள்களின் மேலாக முன்னிருந்து பின்னுக்கு ஓடும் இரண்டு பட்டைகளும் சேர்ந்தால்தான் இரண்டாம் வகுப்பு எட்டும். மலிவு வெஸ்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கும். அளப்பதற்கு அந்த மாடலின் மிகச் சின்ன சைஸை எடு. எக்ஸ்எல்லில் தேறுவது எஸ்ஸில் தேறாமல் போகும்.

நாடா கையில் இருக்கும்போதே இன்னும் மூன்று இடங்களைப் பார். சுற்றுப் பட்டைகளுக்கு இடையே 5 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கீழ்ப்பட்டைக்கும் வெஸ்டின் அடி ஓரத்துக்கும் இடையிலும் அதே அளவு வேண்டும். முன்பக்கம் மூடும் இடத்திலும் பக்கவாட்டிலும் பட்டை அறுபடும் இடைவெளி 5 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கவாட்டில் வெறும் எலாஸ்டிக் நாடாவால் கட்டும் வெஸ்டுகள் இந்தக் கடைசிக் கணக்கில் விழுந்துவிடும். போட்டவன் பக்கவாட்டில் திரும்பி நின்றால் வண்டிக்காரன் கண்ணுக்கு எதுவும் படாது.

நிறுவனச் சின்னம் அச்சடிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அச்சு மறைக்கும் ஒவ்வொரு அங்குலமும் ஒளிரும் பரப்பிலிருந்து கழிந்துபோகிறது. வாக்கிடாக்கிக்கான கறுப்புப் பையும் அப்படித்தான். முதுகு முழுவதும் பெரிய எழுத்து வேண்டாம், மார்பில் சிறிதாகப் போதும். மண்டோர்களுக்கு (மேற்பார்வையாளர்களுக்கு) நீல வெஸ்ட், பாதுகாப்புக் குழுவுக்குக் கறுப்பு என்ற திட்டத்தையும் கைவிடு. அந்தத் தரம் ஏற்கும் நிறங்கள் ஒளிரும் மஞ்சள், ஒளிரும் செம்மஞ்சள், ஒளிரும் சிவப்பு, இவ்வளவுதான். பொறுப்பைக் காட்ட ஹெல்மெட்டின் நிறத்தை மாற்றிக்கொள்.

மஞ்சளா செம்மஞ்சளா என்பதைப் பின்னணி தீர்மானிக்கட்டும். உன் சாலை ஓரத்தில் பச்சை மரமும் புல்லும் என்றால் செம்மஞ்சள் தனியாக எழும்பி நிற்கும். கூம்புகளும் தடுப்புகளும் செம்மஞ்சளாகக் குவிந்திருக்கும் இடத்தில் அதே நிற ஆள் அவற்றோடு கலந்துவிடுவான், அங்கே மஞ்சள். இரவில் இந்த நிறத்துக்கு வேலையே இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கித் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் இந்தத் துணி பளிச்சிடுகிறது. மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே அந்தக் கதிர் கிட்டத்தட்ட இல்லை, அதனால் வெறும் வெளிறிய துணியாகத் தெரியும். இருட்டில் காப்பாற்றுவது பட்டைதான். பட்டைக்கு எதிரே விளக்கு எரிய வேண்டும். முன்விளக்கு போடாமல் கிடங்கில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எந்த வெஸ்டும் உதவாது. இதை உன் ஓட்டுநர்களிடம் தனியாகச் சொல்லிவிடு.

லேபிளில் வெஸ்ட் வடிவச் சின்னமும் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணும் இருக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்கள் இருந்தால் அது 2013-க்கு முந்தைய இஎன் 471. பழைய சரக்கு என்று புரிந்துகொள். அதிகபட்சம் எத்தனை முறை துவைக்கலாம் என்பதையும் அங்கேயே பார். அந்தத் துவைப்பு எண் இல்லாத வெஸ்டை வாங்காதே. சோதனைச் சான்றிதழைக் கேள், அதில் உள்ள மாடல் எண் லேபிளில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பார்.

இனி உன் ஆட்கள். கிடங்கு முற்றத்தில் பகலில் வேலை செய்யும் 26 பேருக்கு இரண்டாம் வகுப்பு வெஸ்ட் போதும். வலைத்துணியாக இருந்தால் நம் வெயிலுக்கு உடம்பில் நிற்கும். வியர்வையில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டால் எந்த வகுப்பும் பயன்படாது. சுழலும் இயந்திரத்துக்கும் கன்வேயருக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஜிப் வேண்டாம். தோள், பக்கம், முன்பக்கம் என ஐந்து இடத்திலும் வெல்க்ரோ வைத்து, இழுத்தால் பிய்ந்து வரும் வகையைக் கொடு. வெல்டிங் செய்பவர்களுக்குச் சாதாரண பாலியெஸ்டர் கூடாது. தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீத்தடுப்புத் துணியில் தைத்ததைத் தனியாகக் கேள்.

இரவில் நெடுஞ்சாலையில் பாதை மூடி வேலை செய்யும் 14 பேருக்கு வெஸ்ட் மட்டும் போதாது. வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இடத்தில் மூன்றாம் வகுப்புதான் சரி. கை வைத்த மேற்சட்டை வாங்கு, அல்லது வெஸ்டும் பட்டை வைத்த முழுக்கால்சட்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகச் சான்று பெற்றதை வாங்கு. நடக்கிற கால்களில் பட்டை அசையும்போது அது மனிதன் என்பது ஓட்டுநருக்கு உடனே பிடிபடுகிறது. வெறும் உடம்புப் பட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தால் தடுப்பு என்று நினைத்துவிடலாம்.

கோலாலம்பூரில் மாலை நாலு மணி மழை எப்படிப் பொழியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெஸ்டின் மேல் கறுப்பு மழைக்கோட்டு மாட்டினால் அந்த நிமிடமே வெஸ்ட் இல்லாததுபோல. மழைக்கோட்டையும் அதே வகுப்பில் வாங்கு. பட்டையிலும் இரண்டு வகை உண்டு. கண்ணாடி மணி வகையில் ஒளி நுண்மணிக்குள் போய், பின்னாலுள்ள அலுமினியப் பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்பும். மணிகள் வெளியே தெரியும் பட்டையில் தண்ணீர் படலமாக மூடினால் ஒளி வளையும் கோணம் மாறி மங்கிவிடும். மணிக்குப் பதிலாக நுண்ணிய முப்பட்டகங்கள் (மைக்ரோபிரிசம்) வைத்த வகை ஈரத்தில் இவ்வளவு தளர்வதில்லை. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இரவுக் குழுவுக்கு அதையே வாங்கு. உயரத்தில் பாதுகாப்புக் கச்சை மாட்டுபவர்களையும் ஒருமுறை நிற்கவைத்துப் பார். கச்சைப் பட்டை சரியாகப் பிரதிபலிப்புப் பட்டையின் மேலேயே விழும் மாடல்கள் நிறைய இருக்கின்றன.

எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டாய். ஆளுக்கு வாரம் இரண்டு துவைப்பு, கையில் இரண்டு வெஸ்ட் மாற்றி மாற்றி என்று வை. ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறை தண்ணீரைப் பார்க்கும். லேபிளில் 25 முறை என்றிருந்தால் அரை வருடத்தில் ஆயுள் முடிந்தது. வருடத்துக்கு ஆளுக்கு நான்கு, நாற்பது பேருக்கு 160, கிழிசலுக்கும் தாருக்கும் வருகையாளருக்கும் 16 கூட்டினால் 176. உதாரணமாக 25 துவைப்பு தாங்குவது 14 வெள்ளி (ரிங்கிட்), 50 துவைப்பு தாங்குவது 22 வெள்ளி என்றால், துவைப்புக்கு 56 காசு ஒன்று, 44 காசு மற்றது. முதலாளியிடம் இந்தக் கணக்கை வை. ஆட்களின் சம்பளத்தில் பிடிக்க யாராவது யோசனை சொன்னால், 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிரிவு 26 அதைத் தடுக்கிறது என்று காட்டு.

துவைப்பதை ஆட்களின் தலையில் விடாதே. வீட்டில் குளோராக்ஸ் வெளுப்பான் போட்டுவிடுவார்கள், நிறமும் அலுமினியப் பூச்சும் சேர்ந்து போய்விடும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது. உள்புறம் வெளியே திருப்பி, லேபிள் சொல்லும் சூட்டில் மென்மையான சோப்பில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு துவைப்புக்கும் லேபிளில் அழியாத மையால் ஒரு கோடு போடச் சொல். தாரோ சிமெண்டோ படிந்து போகாத வெஸ்டுக்குக் கோடு எண்ணிக்கையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே கழித்துவிடு.

ஆர்டருக்கு முன் ஒவ்வொரு கடையிலும் மூன்று மாதிரி வாங்கு. ஒன்றை இருட்டு அலமாரியில் வை, ஒன்றைப் பத்து முறை துவை, ஒன்றை மூன்று வாரம் வெயிலில் தொங்கவிடு. பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பகலில் நிறத்தைப் பார். இரவில் பத்து மீட்டர் தள்ளி நின்று கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பட்டையைப் பார். விளக்கை இடுப்பருகே பிடித்தால் நல்ல பட்டையும் மங்கலாகத்தான் தெரியும், ஒளி விளக்கிடமே திரும்பிப் போவதால். அலமாரியில் வைத்த அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதே, பின்னால் பழசைக் கழிக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.

மூன்று வாரம் முதலாளி பொறுக்கமாட்டார் என்றால் இரவுக் குழுவின் 14 செட்டை மட்டும் இப்போது வாங்கிவிடு, மற்றது காத்திருக்கட்டும். மாதிரிகள் வந்ததும் லேபிள்களைப் படம் எடுத்து அனுப்பு, உடனே பார்த்துச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவதாக இருந்தால் குடும்பத்தோடு வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்